காலியாக இருந்த அண்ணன் பதவி

மலாலா யூசுப்சாய் தன் வீட்டில் மூத்த பிள்ளை. அவளுக்கு அடுத்து குஷால், அடல் என்று இரண்டு தம்பிகள். அண்ணன் கிடையாது. கேட்க ஆளில்லாத பெண் என்று தெரிந்தால் ஊர் சும்மா இருக்குமா? பதவி காலி என்ற சேதி பரவியதும் விண்ணப்பங்கள் குவிய ஆரம்பித்தன. ஆற்றங்கரை வானொலியிலிருந்து ஒன்று, சிறையை உடைத்து வந்தவரிடமிருந்து ஒன்று, தனியார் பள்ளி முதலாளிகள் சங்கத்திலிருந்து ஒன்று, பாடநூல் வாரியத்திலிருந்து ஒன்று. அநேகமாக எல்லாவற்றுக்கும் முதல் வரி ஒன்றுதான்: பெண்கள் படிப்புக்கு நாங்கள் எதிரி அல்ல. இரண்டாவது வரி ‘ஆனால்’ என்று தொடங்கும்.

விண்ணப்பம் போட்டவர்களில் எனக்கு ரொம்பவும் பிடித்தவர் அத்னான் ரஷீத். 2013 ஜூலை 12 அன்று, தன் பதினாறாவது பிறந்தநாளில், மலாலா நியூயார்க் போய் ஐ.நா. சபையில் பேசினாள். மூன்றே நாளில் அண்ணன் பதில் எழுதிவிட்டார். அண்ணன் சாமானியர் இல்லை. பாகிஸ்தான் விமானப்படையில் வேலை பார்த்தவர். அதிபர் முஷாரப்பைக் கொல்ல நடந்த முயற்சி தொடர்பான வழக்கில் மரண தண்டனை வாங்கியவர். 2012 ஏப்ரலில் தாலிபான்கள் பன்னு சிறையை உடைத்து ஏறத்தாழ 400 பேரை வெளியே கொண்டுபோனபோது கூடவே போனவர். இவ்வளவு வேலைக்கு நடுவிலும் ஒரு பள்ளிக்கூடத்துப் பெண்ணுக்கு நீளமாகக் கடிதம் எழுத அவருக்கு நேரம் இருந்தது.

கடிதத்தின் சாரத்தை என் வார்த்தையில் சொல்கிறேன். சிறையில் இருந்தபோது பி.பி.சி. உருது மூலமாகத்தான் உன்னைப் பற்றித் தெரிந்தது. தாலிபானுக்கு எதிராகப் பேசாதே என்று அப்போதே புத்தி சொல்ல நினைத்தேன். உன் முகவரி கிடைக்கவில்லை. சொந்தப் பெயரில் எழுதுவதா, புனைபெயரில் எழுதுவதா என்றும் ஒரு யோசனை. நீயும் யூசுப்சாய், நானும் யூசுப்சாய். எனக்கு உன் மேல் இருப்பது உடன்பிறந்த பாசம். அதற்குள் சிறை உடைந்துவிட்டது, தலைமறைவாக வேண்டியதாயிற்று. நீ தாக்கப்பட்டாய் என்று கேட்டு அதிர்ந்து போனேன்.

முகவரி கிடைக்கவில்லையாம். ஒரு தபால்தலைச் செலவில் முடிந்திருக்க வேண்டிய காரியம் பாருங்கள். அண்ணனுக்குக் கிடைக்காத முகவரி அண்ணனின் கூட்டாளிகளுக்குக் கிடைத்தது. அவர்களுக்கு வீட்டு எண்கூடத் தேவைப்படவில்லை. பள்ளி வண்டி எந்த வழியாக எத்தனை மணிக்குப் போகும் என்பது போதுமானதாக இருந்தது.

2012 அக்டோபர் 9, செவ்வாய்க்கிழமை, பாகிஸ்தானின் ஸ்வாத் பள்ளத்தாக்கில் மிங்கோரா. வண்டி என்றால் மஞ்சள் பூசிய பள்ளிப் பேருந்தை நினைத்துக்கொள்ளாதீர்கள். டொயோட்டா சிறு லாரி அது. பின்னால் நீளவாட்டில் மூன்று பெஞ்சு, ஜன்னலுக்குப் பதில் பக்கவாட்டில் பிளாஸ்டிக் தாள். உள்ளூரில் ‘டைனா’ என்பார்கள். பரீட்சை எழுதிவிட்டு வந்த பெண்கள் சுமார் இருபது பேரும் ஆசிரியைகளும் முட்டிக்கு முட்டி இடிக்க உட்கார்ந்திருக்கிறார்கள். கொஞ்ச தூரத்தில் ராணுவச் சோதனைச் சாவடி. ஒருவன் வண்டியை மறிக்கிறான். இன்னொருவன் பின்பக்கம் ஏறி உள்ளே தலையை நீட்டி, மலாலா யார் என்று கேட்கிறான். ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. ஆனால் சில கண்கள் தன்னையறியாமல் ஒரு பக்கம் திரும்பின. அந்த வண்டியில் முகத்தை மூடாமல் இருந்தவளும் அவள் ஒருத்திதான். மூன்று தோட்டாக்கள். ஒன்று அவளுடைய இடது கண்ணருகே நுழைந்து தோளுக்கு இறங்கியது. மற்றவை தோழிகள் ஷாஜியா ரம்சான் மேலும் காய்னாத் ரியாஸ் மேலும் பட்டன. காய்னாத் என்றால் பிரபஞ்சம் என்று பொருள்.

அண்ணனுக்குப் பள்ளிக்கூடங்களைத் தகர்த்தது பற்றியும் விளக்கம் உண்டு. தாலிபானுக்குப் படிப்பின் மேல் கோபமே இல்லையாம். ராணுவமும் துணைப்படையும் பள்ளிகளில் போய்ப் பதுங்கிக்கொள்கின்றன, அதனால்தான் வெடி வைக்க வேண்டியதாகிறதாம். சரி, ஒத்துக்கொள்வோம். அந்த டைனாவுக்குள் பதுங்கியிருந்தது எந்தப் படை? பெஞ்சில் உட்கார்ந்திருந்தது எந்தப் பட்டாளத்துத் தளபதி?

சட்ட அறிவு இன்னும் அபாரம். பேனா வாளைவிட வலியது என்று நீயே ஐ.நா.வில் சொல்லியிருக்கிறாய், ஆகவே உன்னைத் தாக்கியது உன் வாளுக்காகத்தான், புத்தகத்துக்காகவோ பள்ளிக்கூடத்துக்காகவோ அல்ல என்கிறார். நாள்காட்டியைப் புரட்டிப் பாருங்கள். வாள் வைத்திருந்ததாக அவள் ‘ஒப்புக்கொண்டது’ 2013 ஜூலையில். சுட்டது 2012 அக்டோபரில். குற்றத்துக்கு ஒன்பது மாதம் முன்னதாகவே தண்டனையை நிறைவேற்றிவிடும் நீதிமன்றம் உலகத்தில் வேறெங்கும் கிடையாது. அந்த வேகம் நம் நீதித்துறைகளுக்கு வாய்க்கவில்லையே என்று ஏங்குகிறவர்கள் ஏங்கலாம்.

மெக்காலேயும் வருகிறார். 1835-இல் மெக்காலே போட்ட கல்வித் திட்டம் நம்மை அடிமையாக்கியது என்று தங்கைக்கு எடுத்துச் சொல்கிறார். எந்த மொழியில்? மெக்காலேயின் மொழியில். மேற்கத்தியப் படிப்பு எவ்வளவு கெடுதல் என்பதை நல்ல ஆங்கிலத்தில் விளக்குவதற்காவது அந்தப் படிப்பு உதவியிருக்கிறது. கடைசியில் வருவது அறிவுரை: ஊருக்குத் திரும்பி வா, வீட்டுக்குப் பக்கத்தில் ஏதாவதொரு பெண்கள் மதரசாவில் சேர், பேனாவை மார்க்கத்துக்காகப் பிடி. எந்த ஊரில் சுட்டார்களோ அந்த ஊருக்கே. பிள்ளையைக் கிள்ளிவிட்டுத் தொட்டிலை ஆட்டுகிறவர்களை நமக்குத் தெரியும். இவர் தொட்டிலில் வெடி வைத்துவிட்டுத் தாலாட்டும் பாடுகிறார்.

வானொலி அண்ணனை இந்த ‘ஆனால்’ குற்றச்சாட்டிலிருந்து நான் விடுவித்துவிடுகிறேன். ஸ்வாத் தாலிபான் தலைவர் மௌலானா பஸ்லுல்லா ஒளிவுமறைவு இல்லாதவர். ஒரு காலத்தில் ஸ்வாத் ஆற்றின் குறுக்கே ஆட்களை ஏற்றிக் கொண்டுபோகும் கம்பித் தொட்டிலை இயக்கிக்கொண்டிருந்தவர். பிறகு அக்கரைக்குப் பதில் சொர்க்கத்துக்கே ஆள் அனுப்பும் வேலையை எடுத்துக்கொண்டார். உரிமம் இல்லாத எப்.எம். ஒன்றை வைத்துக்கொண்டு இரவில் பேசுவார். தொலைக்காட்சி கூடாது, இசை கூடாது, போலியோ சொட்டு மருந்து கூடாது. வானொலி மட்டும் கூடும். அதில் அவர் பேசுகிறாரே! தொடக்கத்தில் அவருடைய பரம ரசிகைகள் பெண்கள். மதரசா கட்ட என்று கையிலும் கழுத்திலும் கிடந்த தங்கத்தைக் கழற்றிக் கொடுத்தார்கள். வாங்கி வைத்துக்கொண்டு, அந்தப் பெண்களின் மகள்கள் பள்ளிக்கூடம் போவது பாவம் என்று அறிவித்தார். பள்ளியை விட்டு நின்ற பெண்களைப் பெயர் சொல்லி வானொலியில் வாழ்த்துவார். நேயர் விருப்பம் மாதிரி. இன்னார் மகள் இன்னாள் படிப்பை நிறுத்திவிட்டாள், அவளுக்குச் சொர்க்கம் நிச்சயம் என்று. பெயர் வராத பெண்ணுக்கு மறுநாள் தெருவில் எப்படியிருக்கும் என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

வாழ்த்து போதாமல் போனபோது வெடி வந்தது. ஸ்வாத்திலும் சுற்றுவட்டாரத்திலும் நூற்றுக்கணக்கான பள்ளிகள் தகர்க்கப்பட்டன. 2008 டிசம்பரில் கெடு வைத்தார்கள்: ஜனவரி 15-க்குப் பிறகு ஒரு பெண்ணும் பள்ளிக்கூடம் போகக் கூடாது. அப்போது மலாலாவுக்குப் பதினொரு வயது. 2009 ஜனவரி 3 முதல் ‘குல் மகாய்’ என்ற புனைபெயரில் அவளுடைய நாட்குறிப்பு பி.பி.சி. உருதுவில் வரத் தொடங்கியது. அண்ணன்மார் எல்லாரும் அன்றிலிருந்து இன்றுவரை பயந்து நடுங்குகிற அந்தச் சதி ஆவணத்தில் என்ன இருந்தது என்று பார்த்தால், வகுப்பில் 27 பேரில் அன்று 11 பேர்தான் வந்தார்கள் என்ற வருகைக் கணக்கு இருந்தது. கலர் உடை போட்டு வராதீர்கள், தாலிபானுக்குப் பிடிக்காது என்று பள்ளியில் சொன்னது இருந்தது. தனக்குப் பிடித்த ரோஸ் நிற உடையை எடுத்து மாட்டிக்கொண்ட காலை ஒன்று இருந்தது.

ஒரு நாள் பள்ளிவிட்டு வருகிறாள். பின்னால் ஒரு ஆள், உன்னைக் கொன்றுவிடுவேன் என்று சொல்வது காதில் விழுகிறது. நடையை எட்டிப் போடுகிறாள். கொஞ்ச தூரம் போய்த் திரும்பிப் பார்த்தால், அந்த ஆள் கைப்பேசியில் வேறு யாரையோ மிரட்டிக்கொண்டிருக்கிறான். அப்பாடா என்றிருந்தது அவளுக்கு. நம் ஊர்ப் பதினொரு வயதுப் பெண் எதற்கெல்லாம் அப்பாடா என்கிறாள்? கணக்குப் பரீட்சை தள்ளிப்போனால், மழைக்கு லீவு விட்டால். ஸ்வாத்தில், கொலை மிரட்டல் தனக்கில்லை என்று தெரிந்தால்.

ஜனவரி 14 கடைசி நாள். குளிர்கால விடுமுறை என்று தலைமையாசிரியை அறிவித்தார். வழக்கமாகப் பள்ளி திறக்கும் தேதியையும் சொல்வார்கள். அன்று சொல்லவில்லை. பெண்கள் வழக்கத்தைவிட அதிக நேரம் மைதானத்தில் விளையாடிவிட்டு வீட்டுக்குப் போனார்கள். இந்தச் சொல்லாமல் விட்ட தேதியைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

எதிர்ப்புக் கிளம்பியதும் பஸ்லுல்லா மனம் இரங்கினார். பத்து வயது வரை, நாலாம் வகுப்பு வரை பெண்கள் படிக்கலாம். மலாலாவும் தோழிகளும் ஐந்தாம் வகுப்பு. என்ன செய்தார்கள் தெரியுமா? சாதாரண உடையில், சால்வைக்கு அடியில் புத்தகத்தை மறைத்துக்கொண்டு, நாங்கள் நாலாம் வகுப்புதான் என்று சொல்லிக்கொண்டு போனார்கள். பெயிலானதை மறைத்து மேல் வகுப்பு என்று பொய் சொன்ன மாணவர்களை வரலாறு நிறையக் கண்டிருக்கிறது. பாஸான குற்றத்தை மறைக்கக் கீழ் வகுப்பு என்று பொய் சொன்னவர்கள் இவர்கள்தான்.

அந்த 2009 பிப்ரவரியில் மாகாண அரசு என்ன செய்துகொண்டிருந்தது? பஸ்லுல்லாவின் மாமனாரை நடுவில் வைத்து சமாதான ஒப்பந்தம் போட்டுக்கொண்டிருந்தது. வெடித்த பள்ளிகளின் புகை அடங்குவதற்குள் கை குலுக்கல். இரண்டு மாதம் தாங்கியது. பிறகு ராணுவம் உள்ளே வந்தது, பள்ளத்தாக்கின் ஜனம் மூட்டை முடிச்சோடு வெளியே போனது. இடம்பெயர்ந்தவர்கள் சுமார் இருபது லட்சம் பேர்.

துப்பாக்கி அண்ணன்மார் கதை இத்தோடு இருக்கட்டும். கோட்டு சூட்டு அண்ணன்மார்களைப் பற்றிப் பேச எனக்கு அதிக ஆசை. சுட்டவன் ஒரு கேள்வி கேட்டான்: மலாலா யார்? அவனுக்குப் பதில் கிடைத்தது, சுட்டான், போய்விட்டான். இந்தப் படித்த அண்ணன்மார் பத்துப் பன்னிரண்டு வருஷமாக அதே கேள்வியைக் கேட்கிறார்கள். எந்தப் பதிலும் அவர்களுக்குத் திருப்தி தரவில்லை. சி.ஐ.ஏ. ஏஜென்ட். அப்பா எழுதிக் கொடுத்ததை வாசிக்கும் பொம்மை. குண்டே படவில்லை, நாடகம். பட்டிருந்தால் பிழைத்திருக்க மாட்டாள், பிழைத்ததே சாட்சி. செத்திருந்தால் தியாகி என்று ஒரு தெருவுக்குப் பெயர் வைத்து முடித்திருப்பார்கள். பிழைத்ததுதான் அவள் செய்த பெரிய பிழை.

இதில் என் தொழில் சம்பந்தப்பட்ட ஒரு சோகமும் உண்டு. 2013 அக்டோபரில் டான் பத்திரிகையின் தளத்தில் நதீம் பராச்சா என்ற எழுத்தாளர் இந்தச் சதிக் கதைகளைக் கிண்டல் செய்து ஒரு அங்கதம் எழுதினார். மலாலா பஷ்தூனே இல்லை, கிறிஸ்தவ மிஷனரிகளுக்கு ஐரோப்பாவில் பிறந்தவள், உண்மைப் பெயர் ஜேன், காதுக் குறும்பியை எடுத்து டி.என்.ஏ. பார்த்ததில் குட்டு வெளிப்பட்டது என்று அளந்துவிட்டார். சிரிப்பார்கள் என்று எதிர்பார்த்தார், பாவம். நான் அப்போதே சொன்னேனே என்று பகிர்ந்தார்கள். இது கற்பனை, நையாண்டி என்று பத்திரிகை கீழே குறிப்புப் போட வேண்டியதாயிற்று. காதுக் குறும்பியைச் சாட்சியாக ஏற்றுக்கொண்ட சமூகம், மண்டையோட்டில் வைத்த டைட்டானியத் தகட்டைச் சாட்சியாக ஏற்கவில்லை. அங்கதம் எழுதுகிறவன் இனி எங்கே போய்ப் பிழைப்பது?

அடுத்த மாதம் தனியார் பள்ளிகள் கூட்டமைப்பு களத்தில் குதித்தது. மலாலாவின் ‘நான் மலாலா’ புத்தகத்தை எங்கள் பள்ளி நூலகங்களில் வைக்க மாட்டோம் என்று அறிவித்தார்கள். மார்க்கத்துக்குப் போதிய மரியாதை இல்லையாம். 2014-இல் ஒரு படி மேலே போய் ‘நான் மலாலா அல்ல’ என்று ஒரு நாளே கொண்டாடினார்கள். மாணவர்களைப் புத்தகத்திலிருந்து காப்பாற்றப் பள்ளி முதலாளிகளே சங்கம் கூடித் தீர்மானம் போட்ட காட்சியை நினைத்துப் பாருங்கள். மலாலாவின் அப்பா ஸியாவுத்தீனும் தனியார் பள்ளி நடத்தியவர்தான். அவர் குண்டுக்கு நடுவில் பள்ளியைத் திறந்து வைக்கப் பார்த்தார். இவர்கள் லாகூர் வெயிலில் புத்தகத்தைப் பூட்டி வைக்கப் பார்த்தார்கள்.

மலாலாவை விமர்சிக்கவே கூடாதா என்று யாரோ கேட்பது காதில் விழுகிறது. தாராளமாக விமர்சிக்கலாம். புத்தகத்தைப் படித்துவிட்டு விமர்சித்தால் இன்னும் நன்றாக இருக்கும்.

2021 ஜூலையில் அவருடைய பிறந்தநாளை ஒட்டி இன்னொரு பரிசு. ஏழாம் வகுப்பு சமூக அறிவியல் புத்தகம் ஒன்றில், நாட்டின் முக்கிய மனிதர்கள் என்று ஜின்னா, இக்பால் ஆகியோரின் படங்களைப் போட்ட பக்கத்தில், 1965 போரில் உயிர்விட்ட மேஜர் அஜீஸ் பட்டியின் படத்துக்குப் பக்கத்தில் மலாலாவின் படமும் இருந்தது. போலீஸ் லாகூர் புத்தகக் கடைகளில் புகுந்து பிரதிகளை அள்ளிக்கொண்டு போனது. பாடநூல் வாரியம் சொன்ன காரணம், தடையில்லாச் சான்று இல்லை. இருக்கலாம். ஏழாம் வகுப்புப் பாடப்புத்தகத்தைப் பிடிக்க இத்தனை வேகமாகப் போன போலீஸ், அந்த அக்டோபர் 9 அன்று மிங்கோரா சாவடிக்குக் கொஞ்ச தூரத்தில் சுட்டுவிட்டுப் போன இரண்டு இளைஞர்களை ஏன் பிடிக்கவில்லை என்று நான் கேட்கவில்லை. கேட்டால் அதற்கும் தடையில்லாச் சான்று வேண்டும்.

பிடிக்கவே இல்லை என்று சொல்வதும் தவறு. பிடித்தார்கள். 2014 செப்டம்பரில் பத்துப் பேரைப் பிடித்துவிட்டோம் என்று ராணுவம் சொன்னது. 2015 ஏப்ரலில் பத்துப் பேருக்கும் இருபத்தைந்து ஆண்டு சிறை என்று செய்தி வந்தது. உலகம் கை தட்டியது. ஜூனில்தான் தெரிந்தது, மூடிய கதவுக்குள் நடந்த விசாரணையில் எட்டுப் பேர் விடுதலையாகிவிட்டார்கள். தண்டனை இரண்டே பேருக்கு. அதற்குள் கை தட்டினவர்கள் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். சுட்டது நாங்கள்தான் என்று தொலைபேசியில் பத்திரிகைகளுக்குச் சொல்லிப் பொறுப்பேற்ற தாலிபான் செய்தித் தொடர்பாளர் எஹ்சானுல்லா எஹ்சான் 2017-இல் சரணடைந்தார். தொலைக்காட்சிக்குப் பேட்டி கொடுத்தார். 2020 தொடக்கத்தில் பாதுகாப்புப் படையின் காவலிலிருந்து ‘தப்பிவிட்டார்’. 2021 பிப்ரவரியில் அவர் பெயரில் இருந்த ட்விட்டர் கணக்கு, இந்த முறை குறி தப்பாது என்று மலாலாவை மிரட்டியது. ராணுவக் காவலிலிருந்து எப்படி ஐயா வெளியே வந்தார் என்று மலாலா கேட்டார். நல்ல கேள்வி.

மிங்கோராவுக்குப் பக்கத்தில் சைது ஷரீப். தாக்குதல் நடந்து இரண்டு மாதத்தில் அங்கிருந்த அரசு மகளிர் கல்லூரிக்கு மலாலாவின் பெயரை வைத்தார்கள். அந்தக் கல்லூரிப் பெண்களே போராட்டம் செய்தார்கள். பெயர்ப்பலகை வேண்டாம், எங்களையும் குறி வைப்பார்கள் என்றார்கள். அவளுடைய படத்தைக் கிழித்தார்கள். பல அறிவாளிகளுக்கு அன்று பெரிய மகிழ்ச்சி: பார்த்தீர்களா, சொந்த ஊர்ப் பெண்களே ஏற்கவில்லை! இந்தப் பெண்களைக் கிண்டல் செய்ய என் பேனா வராது. தினமும் அதே தெருவில் நடந்து போக வேண்டியவர்கள் அவர்கள். பெயர் வைக்க அதிகாரம் இருந்த அரசிடம், அந்தப் பெயரின் கீழ் படிக்கும் பெண்ணுக்குத் துணை நிற்கத் தெம்பில்லை. பெயரை எடுத்துவிட்டார்கள். மலிவாக முடிந்தது.

பாகிஸ்தான் அரசியல் சட்டத்தில் 25ஏ என்று ஒரு பிரிவு 2010 முதல் இருக்கிறது. ஐந்து முதல் பதினாறு வயது வரை எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவசக் கட்டாயக் கல்வி அரசின் கடமை என்கிறது. 2024 மே மாதம் பிரதமர் ஷெபாஸ் ஷெரீப் கல்வி நெருக்கடிநிலை அறிவித்தபோது பள்ளிக்கு வெளியே இருந்த பிள்ளைகள் சுமார் 2.6 கோடி. ‘நான் மலாலா அல்ல’ தினம் கொண்டாடியவர்கள் மகிழலாம். அந்த 2.6 கோடிப் பேரில் ஒருவர்கூட மலாலா அல்ல.

அண்ணன்மாரை மட்டும் திட்டினால் மாமாவுக்குக் கோபம் வரும். அமெரிக்க மாமா 2013-இல் மலாலாவை வெள்ளை மாளிகைக்கு அழைத்துப் படம் எடுத்துக்கொண்டார். அந்தப் பதினாறு வயதுப் பெண் ஒபாமாவிடம், உங்கள் ட்ரோன் தாக்குதல் பயங்கரவாதத்துக்குத் தீனி போடுகிறது என்று சொல்லிவிட்டு வந்தாள். சி.ஐ.ஏ. ஏஜென்ட் என்று முழங்குகிறவர்களுக்கு இது மட்டும் ஞாபகம் வராது. போகட்டும். 2020 பிப்ரவரி 29 அன்று தோஹாவில் அமெரிக்காவும் ஆப்கன் தாலிபானும் ஒப்பந்தம் போட்டார்கள். படைகள் எப்போது போகும் என்பது இருந்தது. எத்தனை கைதிகளை விட வேண்டும் என்பது இருந்தது. பெண் என்ற சொல் இல்லை, பெண் குழந்தைகளின் பள்ளிக்கூடம் என்ற சொல்லும் இல்லை. ஆப்கன் பெண்களின் விடுதலைக்காகவே வந்தோம் என்று இருபது வருஷம் சொன்ன மாமா, கிளம்பும்போது அவர்களை மறந்து வைத்துவிட்டுப் போனார், பேருந்தில் குடையை மறக்கிற மாதிரி.

ஸ்வாத் தாலிபான் வேறு, காபூல் தாலிபான் வேறு என்று நிபுணர்கள் திருத்துவார்கள். திருத்தத்தை ஏற்கிறேன். 2009-இல் ஸ்வாத் அண்ணன் நாலாம் வகுப்பு வரை விட்டார். 2021-இல் காபூல் அண்ணன்மார் ஆறாம் வகுப்பு வரை விட்டார்கள். பன்னிரண்டு வருஷத்தில் இரண்டு வகுப்பு முன்னேற்றம். இதே வேகத்தில் போனால் பட்டப்படிப்புக்கு வருவதற்குள் இன்று பிறக்கும் பெண் பாட்டியாகிவிடுவாள்.

2022 மார்ச் 23 காலை, உயர்நிலைப் பள்ளிகள் பெண்களுக்குத் திறக்கும் என்று அறிவித்திருந்தார்கள். கறுப்பு உடையும் வெள்ளைத் தலைத்துணியுமாகப் பெண்கள் வந்தார்கள். சில மணி நேரத்தில் திரும்பிப் போகச் சொன்னார்கள். வெளியே அழுதுகொண்டு நின்ற பெண்களின் படம் உலகமெங்கும் வந்தது. சொன்ன காரணங்களில் ஒன்று, சீருடை எப்படி இருக்க வேண்டும் என்பது இன்னும் முடிவாகவில்லையாம். 2021 ஆகஸ்ட் 6 அன்று முதல் மாகாணத் தலைநகரைப் பிடித்து 15 அன்று காபூலுக்குள் நுழைந்தவர்கள். பத்தே நாளில் ஒரு நாட்டைப் பிடிக்கத் தெரிந்தவர்களுக்கு ஏழு மாதமாக ஒரு பாவாடையின் நீளம் பிடிபடவில்லை.

2022 டிசம்பரில் பல்கலைக்கழகம் மூடியது. 2024 டிசம்பரில் மருத்துவச்சிப் பயிற்சியும் செவிலியர் பயிற்சியும் மூடின. பெண்ணை ஆண் மருத்துவர் பார்க்கக் கூடாது என்று பல இடங்களில் கட்டுப்பாடு. பெண், மருத்துவம் படிக்கக் கூடாது. பிரசவ வலியில் இருப்பவளை யார் பார்ப்பது? இரண்டையும் சேர்த்து விடை காண்பதற்கு ஆறாம் வகுப்புக் கணக்கு போதும். அதனால்தான் ஆறாம் வகுப்பு வரை விட்டிருக்கிறார்களோ என்னவோ.

இவ்வளவும் எங்கோ மலைக்கு அப்பால் நடக்கிறது என்று நிம்மதியாக இருந்தோம். 2025 அக்டோபரில் ஆப்கன் வெளியுறவு அமைச்சர் அமீர் கான் முத்தக்கி டெல்லிக்கே வந்தார். அக்டோபர் 10 அன்று ஆப்கன் தூதரகத்தில் பத்திரிகையாளர் சந்திப்பு. ஒரு பெண் செய்தியாளர்கூட உள்ளே இல்லை. எங்களுக்கு அதில் பங்கில்லை என்றது நம் வெளியுறவு அமைச்சகம். கூச்சல் எழுந்ததும் இரண்டு நாள் கழித்து இன்னொரு சந்திப்பு வைத்து, பெண் செய்தியாளர்களை முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். முதல் தடவை விட்டுப்போனது தொழில்நுட்பக் கோளாறு மாதிரியான விஷயம் என்று விளக்கினார்கள். மின்விசிறி நின்றால் தொழில்நுட்பக் கோளாறு என்று கேட்டிருக்கிறேன். நாட்டில் பாதி ஜனம் காணாமல் போவதையும் அப்படிச் சொல்லலாம் என்று அன்றுதான் தெரிந்தது. உள்ளே போன ஆண் செய்தியாளர்களில் எத்தனை பேர் பக்கத்து நாற்காலி ஏன் காலி என்று கேட்டுவிட்டு எழுந்து வந்தார்கள் என்ற கேள்வியை என் தொழில்காரர்களிடமே விடுகிறேன். நம் வீட்டு அண்ணன்மாரைப் பற்றி இந்தக் கட்டுரையில் எழுதப் போவதில்லை. இடம் போதாது.

பெண்கள் படிப்பைப் பற்றியும் அமைச்சரிடம் கேட்டார்கள். மார்க்கப்படி ஹராம் என்று நாங்கள் சொல்லவே இல்லை என்றார். பெண்கள் படிப்புக்கு எதிரி அல்ல. ஆனால், மறு உத்தரவு வரும் வரை தள்ளி வைத்திருக்கிறோம்.

மிங்கோரா தலைமையாசிரியை 2009-இல் சொல்லாமல் விட்ட தேதி கடைசியில் வந்தது. ராணுவ நடவடிக்கை முடிந்து அந்த ஆகஸ்டில் பள்ளிகள் திறந்தன. பாஸானதை மறைத்த பெண்கள் தங்கள் சொந்த வகுப்பின் பெயரைச் சொல்லிக்கொண்டு உள்ளே போனார்கள். காபூலில் 2022 மார்ச் 23 அன்று திறந்து, அன்று மதியத்துக்குள் பூட்டிய கதவு அப்படியே இருக்கிறது. மறு உத்தரவு இன்னும் வரவில்லை.